பேசாத அடுப்பில் எலுமிச்சம் பிஸ்கோத்து

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. முட்டி முட்டியில இடிச்சாலும் பரவாயில்லை. இது கடிச்சுத் திங்கிற கதை இல்லை. பல் இல்லாதவங்களும் கேட்கலாம்.

பாளையங்கோட்டையில் ஒரு தெரு. அதில் எதிரெதிராக ரெண்டு வீடு.

ஒரு வீட்டில் பால்வண்ணம் அண்ணாச்சி. வயசு அறுபத்து மூணு. முறுக்குச் சுடுகிறவர். கல்யாண வீடு, கோயில் கொடை எதுவானாலும் முறுக்கு என்றால் அவர் கைதான்.

எதிர்வீட்டில் தெபோரா. வயசு முப்பத்து ரெண்டு. சமையலறையில் ஒரு ஓவன் வைத்துக்கொண்டு கேக்கும் பிஸ்கட்டும் போட்டுக் கொடுக்கிறவள். நாலு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒன்று பேசுவாள். அந்த ஒன்றும் சில நாள் வராது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சி தெருவைத் தாண்டிப் போய் அவள் கதவைத் தட்டினார்.

"தாயி, என்னைச் சிஷ்யனாச் சேத்துக்கோ."

தெபோராவுக்குக் கையெல்லாம் மாவு. முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"அந்த எலுமிச்சம் பிஸ்கோத்து. மெத்துன்னு இருக்கும்லா. அதைச் சுடப் படிக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"கோமு கோயம்புத்தூருக்குப் போறா. மக வீட்டுக்கு."

"போயிட்டு வரட்டுமே."

"வரணும்லா," என்றார் அண்ணாச்சி.

சொல்லிவிட்டு அவள் வீட்டு வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விஷயம் என்னவென்றால், கோமு ஆச்சி அண்ணாச்சியின் சம்சாரம். முப்பத்தாறு வருஷமாக அண்ணாச்சி முறுக்குப் பிழிவார். ஆச்சி பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பாள். சட்டியில் போட்டு எடுக்கிற ஒவ்வொரு ஈட்டிலும் முதல் முறுக்கு அவளுக்கு. ஒரு கடி கடிப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அண்ணாச்சி அடுத்த ஈட்டைப் போடுவார்.

இந்த மாசியில் ஆச்சிக்கு ஈறு பழுத்துப் போச்சு. பல் டாக்டர் ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தார். ஆடாத பல் ஒன்றுகூட இல்லை. மொத்தத்தையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறினபிறகு பல்செட் வைக்கலாம், மூணு மாசம் ஆகும் என்றார்.

பல் எடுத்த மூணாம் நாள். அண்ணாச்சி ஈடு போட்டார். முதல் முறுக்கை எடுத்தார். பழக்க தோஷம், கை தானாக நீண்டது.

"கடிச்சுப் பாரு கோமு."

ஆச்சி முறுக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எழுந்து, பலகையை எடுத்துச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் அடுப்புப் பக்கம் வரவேயில்லை.

அந்த வாரம் தெபோரா ஒரு கிண்ணத்தில் நாலு எலுமிச்சம் பிஸ்கட் கொடுத்துவிட்டாள். ஆச்சி ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். நாக்கால் ஒதுக்கினாள். "அடியம்மா!" என்றாள்.

முப்பத்தாறு வருஷத்தில் அண்ணாச்சி முறுக்குக்கு ஒரு "அடியம்மா" வந்ததில்லை. "உப்பு சரியா இருக்கு", அவ்வளவுதான் வரும்.

அது அவர் மனசில் முள்ளாகக் கிடந்தது. அதற்கு மேல், போன வாரம் மகள் உலகம்மை கோயம்புத்தூரில் இருந்து போன் போட்டாள். அம்மா, இங்கே வா, சோறு குழைய வைத்துத் தருகிறேன், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு என்றாள். ஆச்சி சரி என்று சொல்லிவிட்டுப் பரணில் இருந்து பெட்டியை இறக்கினாள்.

"எப்போ திரும்பி வருவே?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"போயிட்டுச் சொல்லுதேன்," என்றாள் ஆச்சி.

அப்படிச் சொன்னால் மனுஷன் என்னதான் செய்வான்?

அண்ணாச்சி இதையெல்லாம் சொல்ல, தெபோரா கேட்டுக்கொண்டாள். உச்சுக்கொட்டவில்லை.

"ஒண்ணு சொல்லுங்க, சேத்துக்கிடுதேன். முறுக்கு வெந்துட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணாச்சி நிமிர்ந்து நின்றார். இது அவர் ஊரறிந்த வித்தை.

"காதுதான் தாயி. மாவு எண்ணெயில விழுந்ததும் சடசடன்னு பேசும். வேக வேகப் பேச்சு குறையும். பேச்சு நின்னா வெந்துட்டு. நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாலும் சரியா எடுத்துருவேன்."

"இந்த அடுப்பு பேசாதே."

"பேச வச்சிருவோம்."

தெபோரா வாசலை விட்டு விலகி நின்றாள். அண்ணாச்சி உள்ளே போனார்.

எலுமிச்சம்பழத் தோலைத் துருவச் சொன்னாள். மஞ்சள் மட்டும், வெள்ளைக்குப் போனால் கசக்கும். துருவினதைச் சீனியில் போட்டு விரலால் தேய்க்கச் சொன்னாள். தேய்க்கத் தேய்க்க மணம் சமையலறையைத் தாண்டி, முன்னறையைத் தாண்டி, தெருவுக்குப் போச்சு.

வெண்ணெயைப் போட்டுக் குழைத்தாள். ரெண்டு கரண்டி கெட்டித் தயிர் விட்டாள்.

"இதுல முட்டை போடுவியாமே?" என்று அண்ணாச்சி பயந்துகொண்டே கேட்டார். அவர் வீடு சைவம்.

"உங்க வீட்டுக்குப் போறதுக்குத் தயிர்தான். என்னைக்குமே."

சாறு பிழிந்தாள். மைதா, ஆப்பச்சோடா, ஒரு சிட்டிகை உப்பு.

"இப்போ சேருங்க."

சேருங்க என்றுதான் சொன்னாள். அண்ணாச்சி சேர்த்தார், பிசைந்தார், மடக்கினார், குத்தினார். முறுக்கு மாவு பிசைந்த கை அல்லவா. மேசை ஆடிற்று. ஓவன் ஆடிற்று. தெபோரா தட்டுகளைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

வெந்து வந்தது. ஆறினபிறகு அண்ணாச்சி ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார்.

டொக்.

"என்ன தாயி இது, ஓடு மாதிரி இருக்கு?"

தெபோரா அதை வாங்கிப் பார்த்தாள். குனிந்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகினாள். மேசையை அசைத்துப் பார்த்தாள்.

"நல்லா நிக்கி," என்றாள். "நாளைக்கு வாங்க."

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி ரெண்டே விரலால் மாவைச் சேர்த்தார். பூனைக்குட்டியைத் தொடுகிற மாதிரி.

"அது சரி," என்றாள் தெபோரா.

உருண்டை பிடித்து, தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, தள்ளித் தள்ளி வைத்து, ஓவனுக்குள் அனுப்பினார்கள். தெபோரா பின்கட்டில் துணி காயப்போடப் போனாள்.

அண்ணாச்சி ஓவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து காதைக் கொடுத்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

பிஸ்கோத்து இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை, ஆரம்பித்தால்தானே நிற்கும் என்று இருந்தார். இன்னும் கொஞ்சம் கிட்டப் போனார். இன்னும் கொஞ்சம்.

"ஐயோ!"

தெபோரா ஈரத்துணியோடு ஓடி வந்தாள். அண்ணாச்சி வலது காதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக் கதவில் காது ஒட்டிவிட்டது. உள்ளே இருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அவள் ஓவனை அணைத்தாள். அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் காதில் தண்ணீர் விட்டாள். காந்தல் அடங்கினபிறகு ஒரு விரல் வெண்ணெய் எடுத்து மேலே தடவினாள்.

"பேசிச்சா?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

கருகினதைத் தெருநாய்க்குப் போட்டார். நாய் முகர்ந்து பார்த்தது. அவரை ஒருதரம் பார்த்தது. மண்ணைத் தோண்டி அதைப் புதைத்துவிட்டுப் போய்விட்டது.

வீட்டில் ஆச்சி சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா எதிர்வீட்டுல என்ன சோலி?"

"ஓவன்ல ஏதோ கோளாறாம். பாக்கச் சொன்னா."

"முறுக்குச் சுடுதவருக்கு ஓவனைப் பத்தி என்ன தெரியும்?"

"நெருப்பு எல்லாம் நெருப்புதான்."

"அது சரி. காது ஏன் பளபளன்னு இருக்கு?"

"வேர்வை."

"ஒத்தைக் காது மட்டும் வேர்க்குதாக்கும்," என்றாள் ஆச்சி.

அண்ணாச்சி பேச்சை மாற்றினார். "எப்போ திரும்பி வருவே, அதைச் சொல்லு."

"சொல்லுதேன்."

"சித்திரை பிறக்கறதுக்கு முன்ன வந்துருவியா?"

"பாப்போம்."

"பாப்போம்னா?"

"பாப்போம்னா பாப்போம்தான்."

புதன்கிழமை அண்ணாச்சி ஒரு முடிவோடு போனார். சட்டைப்பையில் பேனா. ஒரு துண்டுக் காகிதம்.

"காது வேண்டாம் தாயி. எத்தனை நிமிஷம், அதைச் சொல்லிரு. எழுதிக்கிடுதேன்."

தெபோரா சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினாள். முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாள்.

"பிறகு எப்படிக் கண்டுபிடிக்க?"

"பாருங்க."

பாருங்க என்றால் அண்ணாச்சி பார்க்கமாட்டாரா? ஓவன் கதவைத் திறந்து பார்த்தார். மூடினார். திறந்தார். மூடினார். எட்டுத் தடவை. தட்டு வெளியே வந்தபோது பிஸ்கோத்தெல்லாம் யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி சப்பையாகக் கிடந்தது.

"நான் ஒண்ணும் செய்யலையே, பாக்கத்தானே செஞ்சேன்?"

தெபோரா டீ போட்டு ஒரு கிளாஸை அவர் கையில் கொடுத்தாள். அவர் உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"குடிச்சாச்சா?"

"இல்லை தாயி, இப்போதான்..."

மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"குடிச்சாச்சா அண்ணாச்சி?"

"இன்னும் இல்லை."

ஊதினார். கிளாஸைத் தூக்கினார்.

"குடிச்சாச்சா?"

"குடிக்க விட்டாத்தானே!"

கத்தியேவிட்டார். டீ வேட்டியில் கொட்டிற்று. தெபோரா தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஆச்சி மூட்டு வலித் தைலத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். அண்ணாச்சி வாசலில் இருந்து உள்ளே வந்தார்.

"எப்போ வருவே?"

"காலையில இருந்து இது ஏழாவது தடவை," என்றாள் ஆச்சி. "நான் சொல்ல நினைச்சதும் மறந்து போவுது."

வியாழக்கிழமை அண்ணாச்சி ஓவன் கதவைத் தொடவில்லை. கண்ணாடிக்கு வெளியே தள்ளி நின்று பார்த்தார். உருண்டையெல்லாம் மெல்ல உட்கார்ந்து வட்டமாயிற்று. ஓரம் லேசாக இறுகிற்று. நடுவில் இன்னும் பளபளவென்று ஈரம்.

தெபோரா கையில் தடித்த உறையை மாட்டிக்கொண்டு தட்டை எடுத்துவிட்டாள்.

"என்ன தாயி எடுத்துட்டே? பச்சையா இருக்கு!"

"ம்."

"நடுவுல பாரு. களி மாதிரி."

"ம்."

"இதைத் தின்னா வயிறு வலிக்கும்!"

வாசலில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கூப்பிட்டார். தெபோரா போனாள்.

அண்ணாச்சி தட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பச்சை மாவை வெளியே எடுத்துவைப்பது எந்த ஊர் நியாயம்? அவர் கையில் அவ்வளவு ஈரமாக எண்ணெய்ச்சட்டியை விட்டு எந்த முறுக்கும் வெளியே வந்ததில்லை. தட்டைத் தூக்கி உள்ளே தள்ளினார். நடு நன்றாக இறுகினபிறகு எடுத்தார்.

தெபோரா வந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

கரக்.

"அருமையான முறுக்கு," என்றாள்.

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வராது தாயி. நீ போட்டுக் கொடு, நான் கொண்டுபோய்க் கொடுத்திருதேன்."

"நான் போட்டதைத்தான் மதினி தின்னாச்சே."

"அதான் சொல்லுதேன், உன்னோடதுன்னா அவளுக்குப் பிடிக்கும்."

"பிறகு நீங்க எதுக்கு?"

 அண்ணாச்சி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை வரமாட்டார் என்றுதான் தெபோரா நினைத்தாள். பத்து மணிக்கு வந்து நின்றார். பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை.

மாவு சேர்த்தார்கள். உருட்டினார்கள். அனுப்பினார்கள். நேற்று எடுத்த அதே ஈரத்தில் தெபோரா தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஓவனை அணைத்தாள்.

"கையை நீட்டுங்க அண்ணாச்சி."

நீட்டினார். ரெண்டு கையிலும் ஓவன் உறையை மாட்டினாள். ரெண்டு உறையிலும் தொங்கவிடுவதற்கு ஒவ்வொரு வார் உண்டு. அந்த ரெண்டு வாரையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"இது எதுக்கு?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அதில் அவரை உட்காரவைத்தாள். தட்டு மூக்குக்கு நேரே இருந்தது. அண்ணாச்சி, திருடிவிட்டுப் பிடிபட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தெபோரா எதிரில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ள ஆரம்பித்தாள்.

"தாயி, பச்சையா இருக்கு."

காய் கிள்ளினாள்.

"இப்போகூடத் திரும்ப வச்சிரலாம். ஒரு ரெண்டு நிமிஷம்."

காய் கிள்ளினாள்.

"மூக்கு அரிக்கி."

அவள் எழுந்து அவர் மூக்கைச் சொறிந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அண்ணாச்சிக்கு வேறு வழியில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டில் இருந்து ஆவி வந்தது. ஆவி மெலிந்தது. நடுவில் இருந்த பளபளப்பு ஓரத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கிற்று. ஒரு பிஸ்கோத்தில் மெல்லிசாக ஒரு கீறல் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்றில் விழுந்தது.

கொத்தவரங்காய் கால் கிலோவும் தீர்ந்தது. தெபோரா முடிச்சை அவிழ்த்தாள்.

அண்ணாச்சி ஒன்றை எடுத்தார். உடையவில்லை. ரெண்டு விரலால் பிட்டார். பஞ்சு மாதிரி பிரிந்து வந்தது. வாயில் போட்டார். பல்லுக்கு வேலை வைக்காமல் கரைந்தது. எலுமிச்சம்பழம் மட்டும் நாக்கில் நின்றது.

இன்னொன்றையும் எடுத்துப் பிட்டுப் பார்த்தார்.

"ஓவனை அணைச்சுட்டியே. யார் இதை வேகவச்சா?"

தெபோரா காய்க் குப்பையை முறத்தில் அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் ஆச்சி பெட்டியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்தாள். அண்ணாச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

ரெண்டு கையையும் முட்டிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

"என்ன?" என்றாள் ஆச்சி.

"ஒண்ணுமில்லை."

"ஏதோ கேக்க வந்தீங்க."

"இல்லையே."

ஆச்சி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை தெபோரா மாவுச்சாமானை எடுத்துவைத்துவிட்டு, "நான் சர்ச்சுக்குப் போறேன், குருத்தோலை கட்ட ஆள் வேணுமாம்," என்றாள்.

"நான் ஒத்தையில இருக்கணுமா?"

"சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில வச்சிட்டுப் போங்க."

போயேவிட்டாள்.

அண்ணாச்சி மஞ்சளை மட்டும் துருவினார். சீனியில் தேய்த்தார். பூனைக்குட்டியைத் தொட்டார். உருட்டினார். உள்ளே அனுப்பினார். கடிகாரம் சுவரைப் பார்த்தபடியே தொங்கிற்று. அதை அவர் திருப்பவில்லை.

ஓரம் இறுகிற்று. நடு ஈரமாக இருந்தது.

எடுத்தார்.

மேசையில் வைத்தார். நாளைக்குக் காலையில் பஸ். இது கெட்டால் இன்னொரு ஈட்டுக்கு வெண்ணெய் இல்லை. தட்டு பக்கத்திலேயே இருக்கிறது, ஓவன் சூடாகவே இருக்கிறது, தடுக்க ஆள் இல்லை. கை நமநமத்தது.

அந்தக் கையால் விளக்குமாற்றை எடுத்தார். தெபோரா வீட்டு முன்னறையைப் பெருக்கினார். வாசலைப் பெருக்கினார். அதுவும் போதாமல் தெருவில் பாதியைப் பெருக்கிவிட்டார். நாய் எழுந்து வழிவிட்டது.

திரும்பி வந்து பார்த்தார்.

மறுநாள் காலை, புது பஸ் ஸ்டாண்டு. கோயம்புத்தூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அண்ணாச்சி பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கி, ஆச்சி உட்கார்ந்த ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினார்.

"என்னது?"

"பிஸ்கோத்து."

"எதிர்வீட்டுப் பிள்ளை போட்டதா?"

"நான் போட்டது."

ஆச்சி மூடியைத் திறந்து பார்த்தாள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். விரல் லேசாகப் பதிந்தது.

"ஓவன் கோளாறு சரியாயிட்டு போல," என்றாள்.

அண்ணாச்சி சிரித்தார்.

"இப்போ ஒண்ணு தின்னு பாரேன்" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

ஆச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்க ஒண்ணுமில்லையா?"

"இல்லை."

"நேத்தும் கேக்கல. முந்தாநாளும் கேக்கல."

"ம்."

"நான் அங்கனயே இருந்துட்டா?"

கண்டக்டர் படியில் ஏறினார். அண்ணாச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையைக் கீழே இறக்கினார்.

"உன் இஷ்டம் கோமு. வெயிலுக்கு முந்தானையைத் தலையில போட்டுக்கோ."

 ஆச்சி முன்சீட்டு ஆள் வெற்றிலை மென்றதைப் பார்த்தாள். மறுபடி டப்பாவைப் பார்த்தாள்.

"இது எத்தனை நாள் மெத்துன்னு இருக்கும்?"

"இறுக்கி மூடி வச்சா ஒரு வாரம்."

"துண்டை விரிங்க."

"எதுக்கு?"

"விரிங்கன்னா விரிங்க."

அண்ணாச்சி தோள்துண்டை ரெண்டு கையிலும் விரித்து ஜன்னலுக்கு நேரே ஏந்தினார். ஆச்சி டப்பாவுக்குள் கையை விட்டாள். ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். ஏழு.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான். ஆசைப்பட்டு ரெண்டா எடுத்துரக் கூடாது. கடைசி ஒண்ணைத் தின்ன அன்னைக்குச் சாயங்காலம் இதே இடத்துல வந்து நில்லுங்க."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது.

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் அசைந்தது.

ஆச்சி மடியில் டப்பா திறந்தபடிதான் இருந்தது. உள்ளே இன்னும் இருபதுக்குக் குறையாமல் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அவர் துண்டில் இருந்து ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். துண்டில் ஆறு மிச்சம்.